அத்தியாயம் 5: காசோலையும் மின்வழிப் பரிமாற்றமும்

ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரி ஒருவர் இரண்டு கடைக்காரர்களுக்குச் சரக்கு கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 80,000 ரூபாய் பாக்கி. சனிக்கிழமை சாயங்காலம் ஒருவர் கடைக்கே வந்து காசோலையை நீட்டுகிறார். இன்னொருவர் தன் ஊரில் இருந்தபடியே கைப்பேசியில் பணத்தைப் போட்டுவிட்டு, "பாருங்கண்ணா, வந்துருச்சா?" என்று கேட்கிறார். இருவர் பெயருக்கும் நேராக 'வரவு' என்று எழுத வியாபாரியின் கை போகும். இரண்டாமவருக்கு எழுதலாம். முதலாமவருக்கு இன்னும் எழுதக் கூடாது.

காசோலை என்பது ஒருவர் தம் வங்கிக்கு எழுதும் உத்தரவு: 'இன்னாருக்கு இவ்வளவு கொடு.' அந்த உத்தரவை வங்கியில் கொண்டு சேர்ப்பது பணம் பெற வேண்டியவரின் வேலை. அவர் போடும்வரை ஒரு பைசா நகராது. மின்வழிப் பரிமாற்றத்திலோ கொடுப்பவரே தம் வங்கியிடம் நேராகச் சொல்லிப் பணத்தை அனுப்பிவிடுகிறார். பெறுபவர் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. சுருக்கமாக, காசோலையில் பெறுபவர் இழுக்கிறார்; பரிமாற்றத்தில் கொடுப்பவர் தள்ளுகிறார். எவ்வளவு நேரம் பிடிக்கும், தவறாகப் போனால் நிறுத்தலாமா, ஏமாந்தால் நஷ்டம் யாருக்கு, பணம் வராவிட்டால் வழக்குப் போடலாமா என்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் பிறக்கிறது.

காசோலை எப்படிப் பணமாகிறது?

நீங்கள் வங்கியில் போடும் காசோலை இப்போதெல்லாம் ஊர் ஊராகப் பயணம் செய்வதில்லை. உங்கள் வங்கி அதை ஸ்கேன் செய்து, படத்தை மட்டும் கிளியரிங்குக்கு அனுப்புகிறது. சிடிஎஸ் எனப்படும் இந்த முறை 2008-இல் டெல்லியில் தொடங்கி, 2011-இல் சென்னைக்கு வந்தது. காசோலையின் அடியில் தனி மையில் அச்சிட்ட எண் வரிசை இருக்கிறதே, அதில் காசோலை எண்ணை அடுத்து வரும் ஒன்பது இலக்கம்தான் எம்ஐசிஆர் கோடு: ஊர், வங்கி, கிளை என்று மும்மூன்று இலக்கம். சென்னைக் கிளைகளுக்கு அது 600 என்று தொடங்கும். படம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்பதை இயந்திரம் இதைப் படித்தே அறிகிறது. அந்த வரிசையின் மேல் கையெழுத்தோ முத்திரையோ படக் கூடாது என்று சொல்வது அதனால்தான்.

முன்பு இது ஒரு வேலைநாளுக்கு மேல் இழுக்கும். 2025 அக்டோபர் 4 முதல் தொடர் கிளியரிங் வந்துவிட்டது. வேலைநேரத்தில் படங்கள் உடனுக்குடன் போய்க்கொண்டிருக்கும். பணம் கொடுக்க வேண்டிய வங்கி அன்று இரவு 7 மணிக்குள் சம்மதமா, மறுப்பா என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் சம்மதம் என்றே கொள்ளப்படும். ஆனாலும் காசோலை வேலைநாளை நம்பியே வாழ்கிறது. நம் ஈரோட்டு வியாபாரியின் காசோலை ஞாயிறு கழியும்வரை கல்லாப்பெட்டியில்தான் கிடக்க வேண்டும்.

இன்னொரு கெடுவும் உண்டு. காசோலையின் ஆயுள் அதில் எழுதிய தேதியிலிருந்து 3 மாதம். 2012 ஏப்ரலுக்கு முன் 6 மாதமாக இருந்தது. பழைய நினைப்பில் பீரோவில் வைத்திருந்து கோட்டை விடுபவர்கள் இன்றும் உண்டு.

மின்வழிப் பணம் போகும் நான்கு வழிகள்

நெஃப்ட்: 2005 முதல் நடப்பில் உள்ளது. அரை மணிக்கு ஒரு தொகுதியாகப் பணம் கிளம்பும்; ஒரு நாளைக்கு 48 தொகுதிகள். 2019 டிசம்பர் முதல் ஞாயிறு, தீபாவளி என்று பாராமல் 24 மணி நேரமும் ஓடுகிறது. தொகுதி கணக்குத் தீர்ந்த 2 மணி நேரத்துக்குள் பணம் சேர வேண்டும், இல்லையேல் திரும்ப வேண்டும். சேமிப்புக் கணக்கிலிருந்து இணையம் வழியாகவோ செயலி வழியாகவோ அனுப்பினால் கட்டணம் இல்லை.

ஆர்டிஜிஎஸ்: 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும். தொகுதிக்காகக் காத்திராமல் ஒவ்வொன்றும் தனித்தனியாக உடனே தீர்க்கப்படும். பெறுபவரின் வங்கி அரை மணிக்குள் வரவு வைக்க வேண்டும். நிலம், வீடு, பெரிய கொள்முதலுக்கு ஏற்றது.

ஐஎம்பிஎஸ்: 2010-இல் வந்தது. உடனடிப் பரிமாற்றம், உச்ச வரம்பு 5 லட்சம்.

யுபிஐ: 2016-இல் வந்தது. கணக்கு எண்ணையே வெளியில் சொல்லாமல் கைப்பேசி எண்ணையோ கியூஆர் அட்டையையோ வைத்து அனுப்பலாம். ஆளுக்கு ஆள் அனுப்புவதற்குப் பொதுவான வரம்பு நாளொன்றுக்கு 1 லட்சம்.

நான்கிலும் ஒரு பொது அம்சம்: கொடுப்பவர் கணக்கில் பணம் இருந்தால்தான் பரிமாற்றம் தொடங்கவே தொடங்கும். காசோலையை வெறும் கணக்கின் மேலும் எழுத முடியும். பரிமாற்றத்தை அப்படிச் செய்ய முடியாது.

பெயருக்குப் போவதும் எண்ணுக்குப் போவதும்

காசோலை ஒரு பெயருக்கு எழுதப்படுகிறது. இடது மூலையில் இரு கோடு போட்டு 'அக்கவுண்ட் பேயீ' என்று எழுதினால், அந்தப் பெயரில் இருக்கும் கணக்கில் மட்டுமே அது வரவாகும். கோடு போடாமல், 'பேரர்' என்ற சொல்லையும் அடிக்காமல் விட்டால், கையில் கொண்டுவருபவர் எவரும் கவுண்டரில் ரொக்கமாக வாங்கிக்கொண்டு போகலாம்.

பரிமாற்றம் எண்ணுக்குப் போகிறது. நெஃப்ட்டிலும் ஆர்டிஜிஎஸ்ஸிலும் பெயரை நீங்கள் எவ்வளவு சரியாக எழுதினாலும், பெறும் வங்கி கணக்கு எண்ணை மட்டும் பார்த்தே வரவு வைக்கலாம் என்பது விதி. ஓர் இலக்கம் பிசகி, அந்த எண்ணில் வேறொருவர் கணக்கு இருந்துவிட்டால் பணம் அவருக்கே போய்விடும். இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2025 ஏப்ரல் முதல், எண்ணையும் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி கோடையும் இட்டவுடன் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வசதியைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்தப் பெயர் திரையில் வந்ததும் நின்று படியுங்கள். யுபிஐயிலும் அப்படியே.

எழுதியதை மாற்றலாமா, அனுப்பியதைத் திரும்பப் பெறலாமா?

காசோலை கொடுத்த பிறகும், பணம் பட்டுவாடா ஆகும்வரை உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. வங்கிக்குக் காசோலை எண்ணைச் சொல்லி 'ஸ்டாப் பேமென்ட்' கொடுக்கலாம். வரவேண்டிய சரக்கு வரவில்லை, காசோலை வழியில் தொலைந்தது என்றால் இது கை கொடுக்கும். ஆனால் உண்மையான கடனுக்குக் கொடுத்த காசோலையை, கணக்கில் பணமும் இல்லாமல், இப்படி நிறுத்திவிட்டுத் தப்பிக்க நீதிமன்றம் விடாது.

மின்வழியில் 'அனுப்பு' என்பதைத் தொட்ட பிறகு நிறுத்தம் இல்லை. தவறான கணக்குக்குப் போய்விட்டால் உடனே உங்கள் வங்கியில் எழுத்தில் புகார் கொடுங்கள். அவர்கள் அந்த வங்கியைத் தொடர்புகொள்வார்கள். அந்த வங்கி தன் வாடிக்கையாளரின் சம்மதம் கேட்கும். அவர் முரண்டு பிடித்தாலும் சட்டம் உங்கள் பக்கம்தான்: தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 72-ஆம் பிரிவில் சொல்கிறது. அதற்காக வக்கீல் நோட்டீஸ்வரை போக நேரலாம்.

கணக்கில் கழிந்து எதிராளிக்குப் போய்ச் சேராத பணம் வேறு கதை. அது வங்கிகளின் பொறுப்பு. யுபிஐயிலும் ஐஎம்பிஎஸ்ஸிலும் ஆளுக்கு ஆள் அனுப்பியது இப்படிச் சிக்கினால் மறுநாளைக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. கேட்காமலே தர வேண்டியது அது. தரவில்லையென்றால் கேளுங்கள்.

பணம் வராவிட்டால்: 138-ஆம் பிரிவு

மின்வழியில் நொடியில் முடிகிற காரியத்துக்கு வியாபாரிகளும் கடன் கொடுப்பவர்களும் இன்னும் ஏன் செக் கேட்கிறார்கள்? சட்டத்துக்காகத்தான். 'நாளைக்கு ஜிபே பண்ணிடறேன்' என்று சொல்லி ஏமாற்றியவர் மேல் நீங்கள் பணம் கேட்டு சிவில் வழக்குப் போட வேண்டும். கடன் இருந்தது என்பதையும் நீங்களே நிரூபிக்க வேண்டும். காசோலை கொடுத்து, கணக்கில் பணமில்லாமல் அது திரும்பினால் அது குற்றம். 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தில் 138-ஆம் பிரிவு 1989 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2 ஆண்டுவரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப்போல் இரு மடங்குவரை அபராதம், அல்லது இரண்டும். அதோடு, காசோலை ஒரு கடனைத் தீர்க்கவே கொடுக்கப்பட்டது என்று நீதிமன்றம் முதலில் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் சுமை கொடுத்தவர் தலையில்.

ஆனால் நாட்கணக்கில் கறாராக இருக்க வேண்டும். வரிசை இது:

1. காசோலை அதன் 3 மாத ஆயுளுக்குள் வங்கியில் போடப்பட்டிருக்க வேண்டும்.
2. திரும்பிய தகவல் வங்கியிடமிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள், தொகையைக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும்.
3. நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து எதிராளிக்கு 15 நாள் அவகாசம். அதற்குள் கொடுத்துவிட்டால் குற்றம் இல்லை.
4. கொடுக்காவிட்டால், அந்த 15 நாள் முடிந்து ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். 2015 திருத்தத்துக்குப் பின், உங்கள் கணக்கு இருக்கும் கிளையின் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்திலேயே கொடுக்கலாம். எதிராளியின் ஊருக்கு அலைய வேண்டாம்.

நன்கொடையாகவோ அன்பளிப்பாகவோ எழுதிய காசோலை திரும்பினால் இந்தப் பிரிவு பொருந்தாது. சட்டப்படி வசூலிக்கத்தக்க கடன் இருந்திருக்க வேண்டும்.

வெற்றுக் காசோலை

பைனான்ஸில் கடன் வாங்கும்போதும் சீட்டு எடுக்கும்போதும் கையெழுத்து மட்டும் போட்ட செக் லீஃப்களைக் கேட்பார்கள். 'சும்மா செக்யூரிட்டிக்குத்தான்' என்பார்கள். கையெழுத்திட்ட வெற்றுத் தாளைக் கொடுப்பவர், அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையும் சேர்த்தே கொடுக்கிறார் என்பது அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவின் சாரம். தொகையை எழுதியது வேறொருவர் கை என்பதால் மட்டும் தப்ப முடியாது என்று பீர் சிங் எதிர் முகேஷ் குமார் வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

கொடுத்தே தீர வேண்டுமென்றால், பெறுபவர் பெயரை எழுதி, கோடு போட்டு, உச்சத் தொகையையும் குறித்துக் கொடுங்கள். எந்தக் கடனுக்காக, எத்தனை காசோலைகள், என்னென்ன எண்கள் என்று எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். கடன் முடிந்த அன்றே திரும்பக் கேளுங்கள். 'தேடித் தர்றோம்' என்றால், அந்த எண்களுக்கு வங்கியில் 'ஸ்டாப் பேமென்ட்' கொடுத்து, கடன் தீர்ந்த விவரத்தோடு அவர்களுக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிவிடுங்கள்.

மின்வழியிலும் ஒரு காசோலை

மாதத் தவணை, சீட்டுத் தொகை, காப்பீட்டுப் பிரீமியம் ஆகியவற்றுக்கு நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுக்கும் நாச் படிவம், உருவில் மின்வழி என்றாலும் குணத்தில் காசோலைதான். இங்கே இழுப்பவர் மறுபடியும் பெறுபவர். பின்தேதியிட்ட 36 காசோலைகளை வாங்கி அடுக்கிவைத்த வேலையை ஒரே படிவம் செய்துவிடுகிறது.

அதனால் தண்டனையும் கூடவே வருகிறது. பணமில்லாமல் இந்தத் தவணை திரும்பினால், 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைமைகள் சட்டம், 25-ஆம் பிரிவு பாயும்: அதே 2 ஆண்டு, அதே இரு மடங்கு, அதே 30 நாள் நோட்டீஸ், அதே 15 நாள் அவகாசம். 2021 ஆகஸ்ட் முதல் நாச் விடுமுறை நாளிலும் நடக்கிறது. தவணைத் தேதி ஞாயிற்றுக்கிழமையில் வந்தால், பணம் சனிக்கிழமையே கணக்கில் இருக்கட்டும்.

மோசடியில் நஷ்டம் யாருக்கு?

உங்கள் கையெழுத்தைப் போலியாகப் போட்டு ஒருவர் காசோலையை மாற்றிவிட்டால், நஷ்டம் பொதுவாக வங்கியுடையது. கையெழுத்து உங்களுடையது அல்ல என்றால் உங்கள் உத்தரவே அங்கு இல்லை; உத்தரவில்லாமல் பணம் கொடுத்தது வங்கி. 1987-இல் கனரா வங்கி தொடர்பான வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. தொகையைத் திருத்தும் மோசடிக்கு எதிராக 2021 முதல் 'பாசிட்டிவ் பே' இருக்கிறது: 50,000 ரூபாய்க்கோ அதற்கு மேலோ காசோலை எழுதினால், எண், தேதி, பெயர், தொகையை வங்கிக்கு முன்கூட்டியே தெரிவிக்கலாம். 5 லட்சமும் அதற்கு மேலும் என்றால் சில வங்கிகள் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. தெரிவிக்காத காசோலை திரும்பிவிடும்.

மின்வழியில் கையெழுத்துக்குப் பதில் பின் எண்ணும் ஓடிபியும். அவற்றை நீங்களே சொல்லிவிட்டால், வங்கிக்குத் தகவல் கொடுக்கும்வரை போன பணம் உங்கள் நஷ்டம். நீங்களும் தவறவில்லை, வங்கியும் தவறவில்லை, இடையில் யாரோ புகுந்துவிட்டார்கள் என்றால், வங்கியின் செய்தி வந்த 3 வேலைநாட்களுக்குள் புகார் கொடுத்தால் உங்களுக்குப் பொறுப்பே இல்லை என்பது 2017-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. 4 முதல் 7 நாள் என்றால் ஒரு வரம்புவரை உங்கள் நஷ்டம். பணம் போனது தெரிந்ததும் 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே முடக்க அவ்வளவு வாய்ப்பு.

எதற்கு எது?

வாடகை, பள்ளிக் கட்டணம், கடை பாக்கி: யுபிஐ அல்லது நெஃப்ட். வீட்டு அட்வான்ஸைக் கணக்கில் போட்டு, பரிமாற்றத்தின் அடையாள எண்ணான யுடிஆர் எண்ணை வாடகை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

நிலம் விற்பவர்: காசோலையை நம்பிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பதிவு முடிந்த பின் காசோலை திரும்பினாலும் கிரயம் தானாக ரத்தாவதில்லை. விலை கொடுக்கப்பட்டாலும் கொடுப்பதாக வாக்களிக்கப்பட்டாலும் விற்பனை விற்பனைதான். சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும் முன் ஆர்டிஜிஎஸ் வந்து சேரட்டும், அல்லது டிடி கைக்கு வரட்டும்.

கடனுக்குச் சரக்கு கொடுப்பவர்: பின்தேதியிட்ட காசோலை இன்னும் உங்களுக்குப் பாதுகாப்பு. 138-ஆம் பிரிவு இருக்கும்வரை அதன் மதிப்பு குறையாது.

குடியிருப்போர் சங்கம், கோயில் கமிட்டி: இருவர் கையெழுத்துள்ள காசோலை கணக்கைச் சுத்தமாக வைக்கும். இணைய வங்கியிலும் ஒருவர் பதிவிட, மற்றவர் ஒப்புதல் தரும் ஏற்பாட்டைக் கேட்டு வாங்கலாம்.

கைப்பேசிக்குப் பழகாத பெரியவர்கள்: கோடு போட்ட காசோலையே போதும். பெயரையும் தொகையையும் தமிழிலேயே எழுதலாம். விதி இடம் கொடுக்கிறது.

கைவசம் வைத்துக்கொள்ள

காசோலை எழுதுகிறவர்: அடித்தல் திருத்தல் வேண்டாம், தவறினால் புது லீஃப். பெயருக்கும் தொகைக்கும் பின்னால் இடம் விடாமல் கோடிடுங்கள். எழுதிய தொகையைக் கணக்கில் இல்லாத பணமாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

அனுப்புகிறவர்: புதிய கணக்கு என்றால் முதலில் 1 ரூபாய் அனுப்பி, அவர் 'வந்தது' என்று சொன்ன பின் மீதியை அனுப்புங்கள். யுடிஆர் எண்ணைப் பாதுகாத்து வையுங்கள். ஆர்டிஜிஎஸ்ஸுக்கு 22 எழுத்து, நெஃப்ட்டுக்கு 16, யுபிஐக்கும் ஐஎம்பிஎஸ்ஸுக்கும் 12 இலக்கம்.

பெறுகிறவர்: பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை, கேட்டால் ஏமாற்று. எதிராளி காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையும், 'உங்கள் கணக்கில் செக் போட்டாச்சு' என்று நீட்டும் வங்கிச் சீட்டையும் நம்பி எதையும் கொடுக்காதீர்கள். உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். காசோலையாக வாங்கியிருந்தால் தேதி வந்த அன்றே போடுங்கள். திரும்பினால் வங்கி தரும் ரிட்டர்ன் மெமோவில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். 30 நாள் கணக்கைக் காட்டும் ஆதாரம் அதுதான்.

எந்த வழியானாலும், வங்கியில் கொடுத்த புகாருக்கு 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். முதல் புகாரை எழுத்தில் கொடுத்து அதன் எண்ணை வாங்கி வைத்திருந்தால் போதும்.